தோற்றுப்போகும் பாகவதர்: ‘திருவிளையாடல்’ படத்தில் டி. எஸ். பாலையா

‘திருவிளையாடல்’ எனக்கு முதலில் காது வழியாகத்தான் வந்தது. திருவிழா நாட்களில் கோயில் வாசல் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் அந்தப் படத்தின் கதை வசனம் முழுசாக ஓடும். தருமியின் புலம்பலும் நக்கீரரின் வாதமும் எந்த இடத்தில் மூச்சு விட்டுத் தொடரும் என்பதுவரை மனப்பாடம். திரையில் படத்தைப் பார்த்தது வெகுநாள் கழித்து. அன்று என்னைத் திடுக்கிடவைத்தவர் சிவாஜியோ நாகேஷோ அல்லர். அவர்களை நான் முன்பே ‘கேட்டிருந்தேன்’. ஹேமநாத பாகவதராக உட்கார்ந்திருந்த டி. எஸ். பாலையாவைத்தான் அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. அவர் வாயசைத்த பாட்டை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டுக்குள் அப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்பது தெரிந்திருக்கவில்லை.

இந்த ஆய்வு அந்த ஒரு வேடத்தைப் பற்றியது. ‘ஒரு நாள் போதுமா’ பாட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மூன்று பெயர்கள் வருகின்றன: பாடிய பாலமுரளிகிருஷ்ணா, எழுதிய கண்ணதாசன், இசையமைத்த கே. வி. மகாதேவன். மூவரும் அந்தப் புகழுக்கு உரியவர்களே. நான்காவதாக வரவேண்டிய பெயர் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் ‘பாலையாவும் நன்றாக வாயசைத்திருப்பார்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. எனக்கு இது நெடுநாளாக மனத்தாங்கல். அந்தக் கதைப்பகுதி முழுவதையும் தாங்கி நிற்பது அவருடைய முகம்தான் என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதைக் காட்சி காட்சியாகச் சொல்கிறேன்.

படமும் கதையும்

1965 ஜூலை 31 அன்று ‘திருவிளையாடல்’ வெளியானது. இயக்கியவர் ஏ. பி. நாகராஜன், நக்கீரராக நடித்தவரும் அவரே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் 64 படலங்கள் கொண்டது. பாணபத்திரர் கதை அதில் 41-ஆவது, விறகு விற்ற படலம். படத்தில் அது கடைசிப் பெரும்பகுதியாக வருகிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வடக்கிலிருந்து ஹேமநாத பாகவதர் என்ற பாடகர் மதுரைக்கு வருகிறார். பாண்டியன் சபையில் பாடுகிறார். தன்னை வெல்ல ஆள் உண்டா என்று சவால் விடுகிறார். ஆள் இல்லையென்றால் இந்த நாடே தன் இசைக்கு அடிமை. கோயிலில் பாடும் பாணபத்திரர் போட்டிக்கு நிறுத்தப்படுகிறார். அவர் சொக்கநாதரிடம் போய் அழுகிறார். சிவன் விறகு சுமப்பவராக வந்து, பாகவதர் தங்கியிருக்கும் வீட்டின் திண்ணையில் அமர்ந்து பாடுகிறார். கேட்டவர் யாரென்று விசாரிக்க, பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போய்த் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் என்று பதில் வருகிறது. தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் தள்ளியவர் எப்படிப் பாடுவார்? பாகவதர் தோல்வியை ஒப்புக்கொண்டு இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகிறார்.

புராணத்தில் இந்தப் பாடகன் ஏமநாதன். இறைவன் பாடியது சாதாரிப் பண் என்று பரஞ்சோதியார் சொல்கிறார். செய்யுளில் அந்த ஒரு சொல் போதும். இறைவன் பாடினான், அண்டம் உருகியது என்று எழுதிவிட்டால் படிப்பவர் அதற்குமேல் சாட்சி கேட்பதில்லை. திரைப்படத்தில் அப்படி நழுவ முடியாது. இரண்டு பாட்டுகளும் உண்மையாகவே காதில் விழவேண்டும்.

தோற்கவேண்டிய பாட்டு

நாகராஜனுக்கும் மகாதேவனுக்கும் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். பாகவதர் சபையில் பாடுவது அரசனையே மயக்கும் தரத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அவர் விடும் சவாலுக்கு எடையில்லை. அதே பாட்டுத்தான் பின்னால் இன்னொரு பாட்டிடம் தோற்கவும் வேண்டும். முதல் பாட்டை வேண்டுமென்றே மட்டமாகப் போட்டிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். மகாதேவன் அதைச் செய்யவில்லை. மாண்டு ராகத்தில் தொடங்கி, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகமாலிகையாக விரியும் ஒரு விருந்தையே பாகவதருக்குக் கொடுத்தார். பாடுவதற்கு அழைத்து வந்ததோ அப்போது 35 வயதிலேயே கர்நாடக இசையில் தனக்கென ஓர் இடம் பிடித்திருந்த பாலமுரளிகிருஷ்ணாவை. முந்தைய ஆண்டு ‘கலைக்கோவில்’ படத்தில் ‘தங்கரதம் வந்தது’ பாடிய அதே தேன்குரல்.

எதிரே சிவனுக்குக் கொடுத்தது ஒற்றை ராகம், கௌரிமனோகரி. பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். ‘பாட்டும் நானே’ மகத்தான பாட்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பாட்டுகளையும் இசைத்தட்டில் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு, எது வென்றது என்று கதை தெரியாத ஒருவரைக் கேளுங்கள். அவர் தயங்குவார். பாதிப்பேர் பாகவதர் பக்கம் கை தூக்கினாலும் நான் வியக்கமாட்டேன். ஆகவே வெற்றி தோல்வி ஒலிப்பதிவில் தீர்மானமாகவில்லை. படப்பிடிப்புத் தளத்தில், ஒரு நடிகரின் உடம்பில் தீர்மானமாகியிருக்கிறது. முதல் பாட்டில் சுருதி பிசகாமலேயே ஏதோ ஒன்று பிழையாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றவேண்டும். இரண்டாவது பாட்டில், பாடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து ‘இது வேறு உயரம்’ என்ற தீர்ப்பு வரவேண்டும். இந்த இரண்டு பொறுப்பும் பாலையாவின் தலையில் விழுந்தன.

ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால்

நான் செய்து பார்த்த ஒரு சின்னச் சோதனை இது. பாட்டை முதலில் கண்ணை மூடிக் கேட்டேன். பிறகு ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு அதே பாட்டைப் பார்த்தேன்.

கண்ணை மூடிக் கேட்கும்போது வருபவர் ஒரு கந்தர்வர். ‘என் கலைக்கு இந்தத் திருநாடு சமமாகுமா’ என்ற ஆணவ வரிகூட அந்தக் குரலில் இனிப்பாகிவிடுகிறது. பாலமுரளியின் குரலுக்குக் கர்வம் காட்டத் தெரியாது என்பது என் எண்ணம். அந்தக் குரலில் விளையாட்டு உண்டு, சிரிப்பு உண்டு, நஞ்சு கிடையாது. ஒலியை அணைத்ததும் அந்தக் கந்தர்வர் மறைந்து, சபையை விலைபேச வந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஆணவம் முழுவதையும் போட்டவர் பாலையா. கண்ணதாசன் எழுதிய கர்வத்தைக் குரல் தேனாக்கிவிட, நடிகர் அதை மீண்டும் கர்வமாக்கித் திருப்பித் தருகிறார்.

பின்னணிப் பாட்டுக்கு வாயசைப்பது பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் இங்கேதான் உழைப்பு ஒளிந்திருக்கிறது. பாட்டு முதலில் பதிவாகிவிடும். தளத்தில் அதை ஒலிக்கவிட்டு, துண்டு துண்டாக எடுப்பார்கள். உதடு சொல்லோடு பொருந்துவது பாலபாடம், யாரும் பழகிவிடலாம். கடினமானது மூச்சு. பாடுகிறவர் ஓர் அடியைத் தொடங்குமுன்பே அவருடைய விலாவும் தோளும் தயாராகிவிடுகின்றன. பல நடிகர்களுக்குச் சொல் வரும்போது வாய் மட்டும் திறக்கும், உடம்பு உறங்கிக்கொண்டிருக்கும். ‘ஆ’ என்று மட்டும் பாடும் அகாரத்தில், வேகமாக உருளும் நீண்ட பிருகா ஓடும்போது இந்தப் பொய் உடனே பிடிபடும், ஏனென்றால் அங்கே ஒளிந்துகொள்ளச் சொற்கள் இல்லை. திறந்த வாயும் கழுத்தும் மட்டும்தான். ‘ஒரு நாள் போதுமா’ இப்படிப்பட்ட அகாரங்களாலும் ஸ்வரக் கோவைகளாலும் நிறைந்த பாட்டு. பாடகர் அல்லாத, ஐம்பது வயதை எட்டிய, கனத்த உடம்புக்காரர் ஒருவர், தம்மைவிட இளைய, இறகுபோல் பறக்கும் ஒரு குரலைத் தம் தொண்டையிலிருந்து வருவதாக நம்பவைக்கவேண்டும். பாலையா நம்பவைக்கிறார். அந்த உடம்புக்குள் அந்தக் குரல் குடியிருப்பதாக ஒரு கணமும் ஐயம் எழவில்லை.

அவர் கைகளைக் கவனியுங்கள். மேடையில் கச்சேரி செய்பவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் இருக்கும்; சங்கதியை, அதாவது ஓர் அடியை மாற்றி மாற்றிப் பாடும் நயத்தை, காற்றில் வரைந்து, அது போகும் வழியைத் தாமே பார்த்து ரசிப்பார்கள். பாலையா அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு அதில் ஒரு துளி மிகையைச் சேர்க்கிறார். சங்கதியை அவர் சபைக்குக் கொடுப்பதில்லை, சபைக்குக் காட்டிவிட்டுத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். முடித்ததும் கண் எதிராளியின் முகத்துக்குப் போகிறது: மயங்கினாயா? சீடர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் அவர் உட்காரும் தோரணையில் இருக்கிறது. இசையில் கரைந்த ஒருவருக்கு இந்தக் கணக்கெல்லாம் இருக்காது. இந்தப் பாட்டில் உள்ள பிழை அதுதான். அதைக் காதால் கண்டுபிடிக்கவே முடியாது.

கண்ணதாசனின் சொல்விளையாட்டு ஒன்றும் நடிகரைச் சோதிக்கிறது. ராகத்தின் பெயர் வரிக்குள்ளேயே மறைந்து வரும், அந்த இடத்தில் பாட்டும் அந்த ராகத்துக்குத் தாவும். ‘எழுந்தோடி’ என்ற சொல்லுக்குள் தோடி இருக்கிறது. அரசவையைக் குறிக்கும் சொல்லே தர்பார். மோகனமும் கானடாவும் அப்படியே. கேட்பவருக்கு இது புலவரின் குறும்பு. நடிகருக்கோ ஒரே சொல்லில் இரண்டு வேலை: வாக்கியத்தின் பொருளையும் சொல்லவேண்டும், ‘பார், ராகத்தை மாற்றிவிட்டேன்’ என்று வித்தை காட்டுபவரின் மினுக்கையும் முகத்தில் கொண்டுவரவேண்டும். பாலையா அதைச் செய்யும் விதத்தில் எனக்கு அவர்மீது மரியாதை பல மடங்கு கூடியது. ஹேமநாதர் உண்மையான வித்வான், தமக்குத் தெரிந்தது எவ்வளவு என்று துல்லியமாக அறிந்தவர் என்பதை அந்த முகம் சொல்லிவிடுகிறது. போலிச் சாமியாரைப் போன்ற போலிப் பாகவதராக அவரை நடித்திருந்தால் சிரிப்பு எளிதில் கிடைத்திருக்கும், பின்னால் வரும் இரவுக் காட்சி செத்துப்போயிருக்கும்.

மற்றவர்களுக்கு இருந்த வசதி

இந்தப் படத்தில் பாடும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாலையாவின் நிலைமை புரியும். ஔவையாராக வரும் கே. பி. சுந்தராம்பாள் தம் சொந்தக் குரலில் பாடினார். பாணபத்திரராக வரும் டி. ஆர். மகாலிங்கமும் அப்படியே, ‘இசைத்தமிழ் நீ செய்த அரும் சாதனை’யில் அவர் கழுத்து நரம்பு புடைப்பது நடிப்பில்லை, உண்மை. சிவாஜிக்கு சௌந்தரராஜன் பாடினார் என்றாலும், 1954 முதல் பத்தாண்டுக்கும் மேலாகத் தமிழ் ரசிகர்கள் அந்த முகத்தையும் அந்தக் குரலையும் ஒன்றாகவே பழகியிருந்தார்கள். நம்பிக்கை முன்பே வந்துவிட்டது.

பாலையாவுக்கு எந்த முன்பணமும் இல்லை. அவருடைய பேச்சுக்குரலோ தமிழ்நாடு முழுவதும் அறிந்த ஒன்று: தடித்த, இழுத்துப் பேசும், வார்த்தையின் நடுவே நின்று பின் நகரும் குரல். 1936-இல் ‘சதிலீலாவதி’யில் அறிமுகமானதிலிருந்து (எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அதே படத்தில்தான்) ரசிகர்கள் கேட்டுவரும் குரல். அந்தப் பேச்சிலிருந்து இந்தப் பாட்டுக்குப் போவது கரடுமுரடான பாதையிலிருந்து பட்டு விரிப்பில் கால் வைப்பது போன்றது. அவர் கண்ட வழி என்ன என்று பலமுறை யோசித்தேன். பேச்சை அவர் பாட்டின் பக்கம் நகர்த்திவிட்டார் என்று படுகிறது. சபையில் பேசும்போதே சொற்களை நீட்டி, அழுத்தம் வைத்து, ஓர் ஆலாபனை போலத்தான் பேசுகிறார். பாட்டு தொடங்கும்போது அந்த நீட்டல் இன்னும் ஒரு படி ஏறியது போல இருக்கிறதே தவிர, வேறொருவர் உள்ளே நுழைந்தது போல் இல்லை.

திண்ணையும் இரவும்

இப்போது இரண்டாவது பொறுப்பு. எல்லோரும் ‘பாட்டும் நானே’ காட்சியில் சிவாஜியைப் பார்க்கிறார்கள். வீணையோடும் குழலோடும் மிருதங்கத்தோடும் அவர் பலராகத் தோன்றுவது, பாட்டு நின்றால் உலகமே அசையாமல் நிற்பது, இவையெல்லாம் அந்தக் காலத் தந்திரக் காட்சிகளின் அழகு. பார்க்காமல் இருக்க முடியாது.

ஆனால் அந்த அற்புதம் நடப்பது சிவனுக்கு. கதையில் அதனால் மாறவேண்டிய ஒரே ஆள் பாகவதர். அகிலம் நின்றது என்பது நமக்குப் படக்காட்சி, அவருக்கோ நாளை காலை நடக்கவிருக்கும் போட்டி. விறகுக்காரனின் பாட்டைக் கேட்டபின் அவர் முகத்தில் முதலில் வருவது பயமாக எனக்குத் தெரியவில்லை. வித்வானுடைய ஆச்சரியம் அது. ஒரு சங்கதி எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய ஆச்சரியம். அளவிடத் தெரிந்தவர் அளந்து பார்த்து, தம் அளவுகோல் போதவில்லை என்று கண்டுபிடிக்கிறார். பயம் அதற்குப் பிறகுதான், யார் சீடன் நீ என்ற கேள்விக்குப் பதில் வந்த பின்புதான். அந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் அவர் வெறும் கோழை. இந்த வரிசையில் அவர் நமக்கு நெருக்கமானவராகிவிடுகிறார்.

சபையில் அவ்வளவு அகலமாக உட்கார்ந்திருந்தவர் அந்த இரவில் இடம் சுருங்கிப்போகிறார். குரல் இறங்குகிறது. நீட்டல் போய்விடுகிறது, சொற்கள் சாதாரண மனிதர் பேசும் நீளத்துக்கு வருகின்றன. சற்று முன் சொன்னேனே, பேச்சையே பாட்டாக்கினார் என்று, அந்தப் பாட்டு அவர் பேச்சிலிருந்து உருவப்பட்டுவிட்டது. எதிரே நிற்பவன் அழுக்கு வேட்டி கட்டிய விறகுக்காரன், கேட்பவர் அரச விருந்தினர். தோல்வியை ஒப்புக்கொள்ள அங்கே சாட்சிகூட இல்லை. பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டு காலையில் துணிந்து சபைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கலை தெரிந்த மனத்தின் நேர்மை அவரைப் போகவிடவில்லை. அந்தப் பாத்திரத்தின் ஒரே நற்குணம் அது. பாலையா அதை வசனத்தால் அறிவிக்காமல், மௌனமாக யோசிக்கும் சில நொடிகளில் வைத்துவிடுகிறார்.

கேட்கத் தெரிந்த நடிகர்

இது தற்செயல் இல்லை. முந்தைய ஆண்டு, 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி தமிழர் அனைவருக்கும் தெரியும். சத்தம் எல்லாம் நாகேஷுடையது. சிரிப்பு வருவதோ, ஒவ்வொரு சத்தத்துக்கும் வெளிறிக்கொண்டே போகும் பாலையாவின் முகத்திலிருந்து. கேட்பதை நடிப்பாக்கத் தெரிந்தவர் என்று அந்தப் படத்தை இயக்கிய ஸ்ரீதருக்குத் தெரிந்திருந்தது, நாகராஜனுக்கும் தெரிந்திருந்தது. ஒரே ஆண்டு இடைவெளியில் ஒருவர் கதை கேட்டு நடுங்குகிறார், இன்னொருவர் பாட்டுக் கேட்டு நடுங்குகிறார். இரண்டு நடுக்கத்துக்கும் இடையே ஒரு சாயல்கூடப் பொதுவில்லை.

1968-இல் நாகராஜன் அவரை மீண்டும் ஓர் இசைக்காரராக்கினார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் தவில் வித்வான் முத்துராக்கு. ஹேமநாதர் இருக்கும் இடத்தை முழுவதும் அடைத்துக்கொள்பவர். முத்துராக்கு நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவர் எப்போது விடுவார், எப்போது எடுப்பார் என்று பார்த்துக்கொண்டே வாசிப்பவர். இரண்டிலும் ஒலி வேறொருவருடையது. இரண்டிலும் உடம்பு பாலையாவுடையது. இந்த இரு வேடங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள், முன்னணி வித்வானுக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் இடையே முதுகெலும்பு எவ்வளவு வேறாக நிற்கும் என்பதைக் கண்ணால் காணலாம்.

ஏன் தவறவிட்டோம்

தருமி ஒரு காரணம். நாகேஷின் அந்த வேடம் படத்தின் துணைநடிப்புப் புகழ் முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய காரணம், நான் முதலில் சொன்ன அந்தக் கூம்பு ஒலிபெருக்கி. ‘திருவிளையாடல்’ தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்ட படம். தருமியின் நடிப்பில் பெரும்பகுதி குரலில் இருக்கிறது, அதனால் ஒலிபெருக்கியில் அது அப்படியே உயிரோடு வந்தது. பாலையாவின் உச்சம் நிகழ்வதோ வேறொருவர் குரல் ஒலிக்கும் நிமிடங்களிலும், பிறகு இன்னொருவர் பாட அவர் வாய் மூடிக் கேட்கும் நிமிடங்களிலும். வானொலியில் அந்த இரண்டு இடத்திலும் அவர் இல்லவே இல்லை. பாட்டை அறிவிக்கும்போது பாடகர், கவிஞர், இசையமைப்பாளர், படம் என்று சொல்வார்கள். வாயசைத்தவரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. வழக்கமே அப்படி இருக்க, கேட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அவர் நடிப்பு மிகையானது என்று ஒரு கருத்தும் உண்டு. பாகவதர் சபையில் மிகை செய்கிறார் என்பது சரிதான். மிகை அந்த மனிதருடையது, நடிகருடையது இல்லை. ஐயமிருந்தால் திண்ணைக் காட்சியைப் பாருங்கள்: நடிகரின் குறையாக இருந்திருந்தால் அங்கேயும் அது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்த இரவில் அவரிடம் ஓர் அசைவுகூட மிச்சமில்லை.

பாலையா 1972-இல் மறைந்தார். இன்று அந்தப் பாட்டின் காணொளி யார் கையிலும் கிடைக்கிறது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஒலியைக் குறைத்துவிட்டு அவரைப் பாருங்கள். பிறகு அங்கேயே நிறுத்திவிடாமல் இரவுக் காட்சிவரை போங்கள். மறுநாள் சபை கூடும்போது, முதல் நாள் அந்த மண்டபத்தையே நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் இடம் காலியாக இருக்கும்.